திரைப்பாடல் வரி ஏதாவது ஒன்றுக்கு நீங்களாகவே வைத்திருக்கும் பொருள் என்ன?

என்னுடைய பாட்டு "வீடு வரை உறவு". பாத காணிக்கை, 1962. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ். பாடியது. ஊரறிந்த பாட்டாயிற்றே, இதில் சொந்தமாகப் பொருள் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பீர்கள். "வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ" என்ற பல்லவியின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

மதுரையில் எங்கள் தெருவில் யாராவது தவறிவிட்டால் மைக்செட்காரர் முதலில் போடுவது இதைத்தான். அடுத்தது "போனால் போகட்டும் போடா". அதனால் வீட்டுக்குள் இதை முணுமுணுக்கக்கூடத் தடை. "விளக்கு வைக்கிற நேரத்துல பாடுற பாட்டாடி இது?" என்று அம்மாச்சி கையால் முதுகில் வாங்கியிருக்கிறேன். எட்டு வயதில் எனக்குப் புரிந்த கதை இப்படி: ஒரு ஆள் எங்கேயோ பயணம் கிளம்புகிறான். சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். மனைவி தெருமுனை வரை வந்து டாட்டா காட்டுகிறாள். பிள்ளை மட்டும் அடம்பிடித்துக் காடு வரை கூடவே போகிறான். காடு என்றால் புலியும் யானையும் இருக்கிற காடு. அந்தப் பையன் எப்படித் தனியாகத் திரும்பி வந்திருப்பான் என்பதுதான் என் கவலை.

(தப்பாகக் கேட்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. பலே பாண்டியாவின் "அத்திக்காய் காய் காய்" பாட்டைக் காய்கறிக் கடைப் பட்டியல் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். அந்தத் திக்காய்ப் போய்க் காய், இந்தத் திக்காய்க் காயாதே என்று நிலவிடம் கெஞ்சுகிறார்கள் என்பது கல்லூரியில் தமிழ் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.)

அதே தமிழ் அம்மாதான் ஒரு நாள் பட்டினத்தாரின் பாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். "அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே" என்று தொடங்கும். அத்தம் என்றால் பொருள், சொத்து. சொத்தும் வாழ்வும் வீட்டோடு சரி. கண்ணீர் வழிய நிற்கும் பெண்கள் வீதியோடு சரி. தலையில் இரண்டு கையையும் வைத்து அழுகிற மைந்தர் சுடுகாட்டோடு சரி. அதற்கு மேலும் தொடர்ந்து வருவது "இருவினைப் புண்ணிய பாவமுமே". வகுப்பில் எல்லோரும் "ஏ, காப்பி!" என்றோம். அம்மா சிரித்துவிட்டு, "எதை எடுத்தார்னு பாக்காதீங்க, எதை மாத்தினார்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அவர் அன்றைக்கு விளக்கியிருந்தால் நானும் அன்றே மறந்திருப்பேன்.

மாற்றியதில் எனக்கு முக்கியம் மூன்று இடம். சொத்து இருந்த இடத்தில் உறவு வந்திருக்கிறது. மைந்தர் பிள்ளையாகிவிட்டார். புண்ணிய பாவம் இருந்த இடத்தில் "யாரோ".

நம் ஊரில் ஒரு பாட்டுக்குப் பொருள் கேட்டால் முதலில் பின்னணிக் கதைதான் சொல்வார்கள். கண்ணதாசன் 1961ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு தி.மு.க.வை விட்டு வெளியே வந்தார், அந்தக் காயம்தான் "அண்ணன் காட்டிய வழியம்மா" என்பார்கள். "அந்த சிவகாமி மகனிடம்" பாட்டு முருகனுக்கு இல்லை, சிவகாமி அம்மாள் பெற்ற காமராஜருக்கு விட்ட தூது என்பார்கள். தளபதியில் வாலி எழுதிய "சின்னத்தாயவள்" இளையராஜாவின் தாயார் சின்னத்தாயையும் சேர்த்துச் சொல்கிறது என்பார்கள். கேட்க ரசமாகத்தான் இருக்கிறது, நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கதை தெரிந்ததும் பாட்டு விடை தெரிந்த விடுகதை மாதிரி ஆகிவிடுகிறது. எனக்குப் பிடித்த பொருள் எதுவும் இப்படி வெளியே இருந்து வந்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2017ல் அப்பா போனார். நான் ஒரே பிள்ளை. எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கொள்ளி வைக்கப் பெரியப்பா மகன் வந்துவிட்டான், அதில் எனக்கு ஒன்றும் சண்டை இல்லை. கூட வருகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்னத்தா வேலை?" என்றார் சித்தப்பா. கோபமாகச் சொல்லவில்லை, அவர் குரல் உடைந்துதான் இருந்தது. நான் பதில் பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இறக்கிவிட யாருக்கும் மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுதான் மண்டையில் தட்டியது. பொம்பளப் பிள்ளை என்றுதானே சித்தப்பாவும் சொன்னார்! பட்டினத்தாரின் மைந்தர் ஆண் மக்கள். கண்ணதாசனின் பிள்ளைக்கு ஆண் பெண் கிடையாது. அவர் எதுகை மோனைக்காகப் போட்டாரா, மெட்டுக்கு அந்த அசை பொருந்தியதா, என்னவோ. அந்த வரியில் எனக்கு இடம் இருந்தது. காடு வரை பிள்ளை, அவ்வளவுதான்.

மற்ற வரிகளும் அப்பாவை எடுத்த அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கண்முன்னே நடந்தன. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் மத்தியானம் எத்தனை இலை விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அப்பா பெயரில் இருந்த காலி மனையைப் பற்றிக் குரல் தாழ்த்திப் பேசினார்கள். ஆக, பட்டினத்தாரின் அத்தமும் கண்ணதாசனின் உறவும் ஒரே பந்தலில்தான் இருந்தன. நல்ல மனிதர்கள்தான் எல்லோரும், குறையாகச் சொல்லவில்லை. அம்மா தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை வந்தாள். அங்கே பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி திரும்பும்போது வலது கையைப் பாதி தூக்கி அப்படியே வைத்திருந்தாள்.

தத்தனேரி சுடுகாட்டில் நேரம் அதிகம் ஆகவில்லை. சடங்கு முடிந்ததும் "திரும்பிப் பாக்காம போங்க" என்றார்கள், எல்லோரும் குளிக்கப் போனார்கள். நான் போகவில்லை. வெளியே மரத்தடிச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அப்பாவோடு இருந்தது அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி மட்டும். முப்பது வயது இருக்கும். நடுவில் ஒரு தரம் வெளியே வந்து, "அக்கா, வெயில் அந்தப் பக்கம் வந்துரும், இங்கிட்டு வந்து உக்காருங்க" என்று நிழலைக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போனார்.

எல்லாம் முடிந்து, வாய் கட்டிய சின்ன மண் கலயத்தோடு ஒரு செய்தித்தாள் பொட்டலத்தையும் கொண்டுவந்தார். பிரித்துக் காட்டினார். ஒரு ஜாண் நீளத்தில் கறுத்துப்போன இரும்புப் பட்டை, நாலைந்து திருகாணி. "அப்பாவுக்குத் தொடையில பிளேட் வச்சிருந்தாங்களாக்கா? சில பேரு கேட்டு வாங்கிக்குவாங்க, அதான் தனியா எடுத்து வச்சேன்."

வைத்திருந்தார்கள். 1994ல் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது வைத்தது. நான் மறந்தே போயிருந்தேன். மழை நாளில் அப்பா தொடையைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்ததில்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்தது, எங்கள் குடும்பத்தில் யாரும் பெயர் கேட்டிராத ஒருவர்.

அதற்கு அப்புறம் "கடைசி வரை யாரோ" எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. எல்லோரும் அதைக் கேள்வியாகத்தான் கேட்கிறோம். கடைசி வரை யார்தான் வருவார்? ஒருத்தரும் வர மாட்டார். டி.எம்.எஸ். அந்த ஓகாரத்தை இழுக்கிற இழுப்பும் அப்படித்தான் கேட்கத் தூண்டுகிறது. ஆனால் நன்னூல் ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் சொல்கிறது, வினா அதில் ஒன்றுதான். "கதவை யாரோ தட்டுறாங்க" என்றால் நாம் கேள்வியா கேட்கிறோம்? ஆள் இருக்கிறார், நமக்குத் தெரியாது, அவ்வளவே. அப்படிப் படித்துப் பாருங்கள். வீடு வரை உறவு வரும். வீதி வரை மனைவி வருவாள். காடு வரை பிள்ளை வரும். கடைசி வரை யாரோ ஒருவர் இருப்பார். மூன்று வரியும் நடப்பதை அப்படியே சொல்லும்போது நாலாவது மட்டும் ஏன் புலம்பலாக இருக்க வேண்டும்?

கண்ணதாசன் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அடுத்து வரும் சரணங்கள் என் பக்கம் இல்லை. கூடி வரும் கூட்டம் கொள்ளி வரை வருமா என்று அவரே கேட்கிறார், பாட்டு சூனியத்தில் போய்த்தான் நிற்கிறது. வாதத்துக்கு வந்தால் தோற்றுவிடுவேன். ஆனால் பட்டினத்தாருக்குத் தெரிந்த பதிலை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டவர் அவர்தான். காலி இடத்தில் நான் அந்தத் தம்பியை உட்கார வைத்திருக்கிறேன்.

திருமந்திரத்தில் ஒரு வரி உண்டு, "பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு". ஊரெல்லாம் கூடி அழுதுவிட்டு, பெயரை எடுத்துவிட்டுப் பிணம் என்று வைத்துவிடுகிறார்கள். அன்று காலையிலிருந்து எல்லோரும் "பாடியை எப்ப எடுக்குறீங்க" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் உட்பட. அந்த நாள் முழுக்க அவரை "அப்பா" என்று சொன்னவர் அந்தத் தம்பி ஒருவர்தான்.

போன வருடம் டிவியில் இந்தப் பாட்டு வந்தது. அம்மா எழுந்து அணைக்கப் போனாள். இருக்கட்டும் என்று உட்கார வைத்து, பட்டினத்தார், நன்னூல், யாரோ, அந்தப் பிளேட் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பட்டினத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்தத் தம்பி சாப்ட்டுச்சான்னு கேட்டியாடி?" என்றாள்.

கேட்கவில்லை. பங்காளிகள் ஐந்நூறு ரூபாய் கொடுத்ததாகப் பிறகு சொன்னார்கள்.