ராக் பாடல்களும் மறைபொருளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ பாடல் சாத்தான் வழிபாட்டைப் பற்றியது என்று என் அண்ணன் உறுதியாகச் சொல்கிறார். போதைப்பழக்கத்தைப் பற்றியது என்கிறாள் என் தோழி. எனக்கோ, பாலைவனச் சாலையில் களைத்துப்போன ஒருவன் விடுதியொன்றில் தங்கும் கதையாகத்தான் கேட்கிறது. பாட்டில் மறைபொருள் உண்டா இல்லையா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது?
– கல்லூரி மாணவி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: உங்கள் காதில் விழுந்த அந்த விடுதிக் கதைதான் பாட்டின் அடிநிலம். அதை விட்டுவிட்டு வேறெந்தப் பொருளையும் எழுப்ப முடியாது. தெய்வம் நீங்கலான கருப்பொருளே, அதாவது அந்தந்த நிலத்துக்கு உரிய விலங்கு, பறவை, மரம் போன்றவையே, சொல்லாத பொருளை உள்ளே வைத்துக் காட்டும் உள்ளுறை உவமத்துக்கு நிலம் என்று தொல்காப்பியம் விதித்ததும் இதனால்தான். பாட்டுக்குள் கண்ணெதிரே நிற்கும் மீனும் குருகும் மரமுமே உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும், வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டக் கூடாது.

பள்ளியில் காளமேகப் புலவரின் சிலேடை வெண்பாக்களைப் படித்திருப்பீர்கள். பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அவர் பாடியபோது, ஒவ்வொரு தொடரும் பாம்புக்கும் பொருந்தியது, எள்ளுக்கும் பொருந்தியது. ஒரே ஒரு தொடர் மட்டும் எள்ளுக்குப் பொருந்தி, மற்றவை பொருந்தாமல் நின்றிருந்தால் அதை யாரும் சிலேடை என்று ஏற்றிருக்க மாட்டார்கள். ராக் பாடலுக்கும் இந்தச் சோதனையையே நான் வைக்கிறேன்.

ஈகிள்ஸ் குழு 1976 டிசம்பரில் வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்புப் பாடல் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. விருந்தில் கத்திகளால் குத்தியும் சாகாத ஒரு மிருகம் வருகிறது. அண்ணனின் கட்சிக்கு வலுவான சான்று இந்த ஓரிடம்தான். கூரையில் பதித்த கண்ணாடிகள், குளிரூட்டிய ஷாம்பெயின், தாங்களே செய்துகொண்ட சிறையில் கிடக்கும் மனிதர்கள், கணக்குத் தீர்த்தாலும் வெளியேற முடியாத வாசல் ஆகியவற்றுக்கு அந்த விளக்கம் ஒன்றும் சொல்வதில்லை. தோழியின் விளக்கம் இவற்றில் பலவற்றைத் தாங்குகிறது. ஆனால் அதைவிட அகலமானது பாடலாசிரியர்களில் ஒருவரான டான் ஹென்லி சொன்னது: வெகுளித்தனத்திலிருந்து அனுபவத்துக்குப் போகும் பயணம், புகழும் பணமும் பெருகிய வாழ்வின் மிகுதி. போதை அதற்குள் ஓர் அறை.

பாட்டில் உண்மையான சிலேடையும் ஒன்று இருக்கிறது. பயணி திராட்சை மது கேட்கிறான். அந்த ‘ஸ்பிரிட்’ 1969-க்குப் பிறகு இங்கே இல்லை என்று பதில் வருகிறது. அந்தச் சொல்லுக்குக் காய்ச்சி வடித்த மது என்றும் பொருள், உள்ளத்தின் எழுச்சி என்றும் பொருள். திராட்சை மது அந்த வகையில் சேராதே என்று சிலர் பிழை கண்டார்கள். அது சமூகத்தைப் பற்றிய கூற்று என்று ஹென்லி விளக்கினார். ஒரு தலைமுறை கொண்டிருந்த நம்பிக்கை எப்போது வற்றியது என்பதை ஆண்டோடு சொல்லும் இந்த வரிதான் எனக்கு அந்தப் பாட்டின் உயிர்நிலை.

ஆசிரியர் சொன்னால் மட்டுமே தெரியவரும் குறிப்புகளும் உண்டு. விருந்துக் கத்தியை எஃகுக் கத்தி என்றது ஸ்டீலி டான் என்ற குழுவுக்கு நட்பாகச் செய்த சைகை என்பதை எந்தக் கூர்ந்த வாசிப்பும் கண்டுபிடித்திருக்காது. எனினும் இப்படிப்பட்டவை சிறு அணிகலன்களே.

விளக்கம் சொல்பவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று. முல்லைப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், எங்கோ கிடக்கும் அடியை எங்கோ கொண்டுபோய் இணைத்துப் பொருள் கூறினார் என்பதை மறைமலையடிகள் கண்டித்தார். அவ்வளவு பெரிய உரையாசிரியருக்கே அந்த வேட்கை இருந்தது என்றால், ஐந்து நிமிடக் காணொளி செய்பவருக்கு இருப்பதில் வியப்பில்லை.

கேள்வி: என் சித்தி மகனின் திருமண வரவேற்பு சேலத்தில் நடக்கிறது. மேடையில் பாட ‘எவ்ரி ப்ரெத் யூ டேக்’ பாடலை மாப்பிள்ளையே தேர்ந்தெடுத்திருக்கிறார். அதில் ஏதோ தவறான மறைபொருள் இருப்பதாக நண்பர் எச்சரிக்கிறார். உண்மையா?
– வாசகர், ஏற்காடு

பதில்: மறைபொருள் ஏதும் இல்லை, வெளிப்படையான பொருளே திருமணத்துக்கு ஆகாதது. உன் ஒவ்வொரு மூச்சையும், ஒவ்வோர் அடியையும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று, தன்னை விட்டுப் பிரிந்தவளை நோக்கி ஒருவன் சொல்கிறான். ‘போலீஸ்’ என்ற ராக் குழுவின் பாடகர் ஸ்டிங் எழுதி 1983-இல் வெளிவந்த பாடல். பொறாமையையும் கண்காணிப்பையும் பற்றியது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மெட்டு இதமாக இருப்பதால் சொற்கள் காதில் நிற்பதில்லை.

நாம் தவறவிடுவது பெரும்பாலும் ஒளித்துவைத்த பொருளை அல்ல, உரக்கச் சொன்ன பொருளை என்பது என் உறுதியான கருத்து. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ 1984-இல் வந்தபோது, பல்லவியை மட்டும் கேட்டவர்கள் தேசப்பெருமைப் பாட்டு என்றே கொண்டாடினார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் நிற்பவனின் கதை சரணங்களில் ஒளிவு மறைவின்றி இருக்கிறது. நான் சேலத்தில் படித்த நாட்களில், வரிகள் அச்சிடாத கேசட்டுகளைக் கேட்டு நண்பர்கள் நால்வர் நான்கு நோட்டுகளில் எழுதுவோம். பல்லவி நால்வருக்கும் ஒன்றாக இருக்கும், சரணம் நான்கு விதமாக இருக்கும்.

மாப்பிள்ளையிடம் சரணங்களைத் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். அவரே வேறு பாட்டைத் தேடுவார்.

கேள்வி: ராக் பாடல்களைப் பின்னோக்கி ஓட்டினால் ரகசியச் செய்தி கேட்கும் என்கிறார்களே? நானே ஒன்றில் தெளிவாகக் கேட்டேன்.
– கைத்தறி நெசவாளர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: விளையாட்டாகப் பின்னோக்கிப் பதிவு செய்த குழுக்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான குற்றச்சாட்டுகள் அப்படிப்பட்டவை அல்ல. ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் பாடலில் புதைத்த கட்டளையே இரு இளைஞர்களைத் தங்களைச் சுட்டுக்கொள்ளத் தூண்டியது என்று குடும்பத்தார் தொடுத்த வழக்கு, 1990-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் தள்ளுபடியானது. கேட்டதாகச் சொல்லப்பட்ட சொல், வேறு ஒலிகள் தற்செயலாகச் சேர்ந்ததால் உண்டானது என்று நீதிபதி முடிவு செய்தார்.

நீங்கள் கேட்டதை நான் மறுக்கவில்லை. கேட்பதற்கு முன் அந்த வாசகத்தை யாரேனும் எழுதிக் காட்டினார்களா என்பதை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். அதே பகுதியை, எதையும் சொல்லாமல், பக்கத்துத் தறிக்காரர் இருவருக்குத் தனித்தனியே போட்டுக் காட்டி, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்பினால் அடுத்த இதழில் அச்சிடுகிறேன்.