அசைவை மனத்தில் ஒத்திகை பார்க்க முடியவில்லை: ஆட்டிசம்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 29. சென்ற ஆண்டுதான் எனக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். கதவு நிலையில் இடித்துக்கொள்வது, கையில் இருப்பதை நழுவ விடுவது, எறிந்த பந்தைப் பிடிக்க முடியாமல் போவது எல்லாம் சிறு வயதிலிருந்தே உண்டு. ஆனால் கணினியில் மிக வேகமாகத் தட்டச்சு செய்வேன். இப்போது நீச்சல் கற்கிறேன். "கண்ணை மூடி, உங்கள் கை தண்ணீரைத் தள்ளுவதை மனத்தில் உணர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்" என்கிறார் பயிற்சியாளர். எனக்கு யாரோ ஒருவர் நீந்துவது படம்போலத் தெரிகிறதே தவிர, என் கை அசைவதாக எந்த உணர்வும் வருவதில்லை. இது ஆட்டிசத்தைச் சேர்ந்ததா, மூளையில் வேறு கோளாறா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா? இந்த வயதுக்கு மேல் சரியாகுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சிறு வயதிலிருந்தே மாறாமல் இருந்துவரும் உங்கள் தடுமாற்றம் ஆட்டிசம் உடையவர்களிடம் பரவலாகக் காணப்படும் ஒன்றுதான். அசைவை உள்ளிருந்து உணர முடியாமல் வெளியிலிருந்து பார்ப்பதுபோல் மட்டுமே கற்பனை செய்ய முடிவதும் நோயின் அறிகுறி அல்ல. இந்த இரண்டு காரணங்களுக்காக மட்டும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. எந்தச் சூழ்நிலையில் என் கருத்து மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆட்டிசம் என்றதும் பேச்சும் பழகும் விதமும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன; உடல் அசைவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் 1943-இல் லியோ கேனர், 1944-இல் ஹான்ஸ் அஸ்பெர்கர் ஆகிய மருத்துவர்கள் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய முதல் விவரிப்புகளிலேயே இந்தத் தடுமாற்றம் பதிவாகியிருக்கிறது. தாம் பார்த்த பிள்ளைகளில் சிலருக்கு நடையிலும் உடலின் பெரிய அசைவுகளிலும் நயமில்லை என்றும், விரல்களால் செய்யும் நுண்ணிய வேலையில் அதே பிள்ளைகள் திறமையாக இருந்தார்கள் என்றும் கேனர் குறிப்பிட்டார். உங்கள் தட்டச்சு வேகமும் பந்து நழுவுவதும் ஒரே உடலில் இருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மருத்துவத்துக்கு அது புதிதல்ல. தட்டச்சில் விசைகள் இடம் மாறுவதில்லை, ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய அசைவு அது. பந்தோ ஒவ்வொரு முறையும் வேறு வேகத்தில், வேறு உயரத்தில் வருகிறது. அது எங்கே வந்து சேரும் என்று முன்கூட்டியே கணித்துக் கையைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

2010-இல் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து அலசிய ஒரு கட்டுரை, அசைவு ஒருங்கிணைப்பில் ஆட்டிசம் உடையவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதாகக் காட்டியது. 2020-இல் அமெரிக்காவில் 5 முதல் 15 வயது வரையிலான 11,000-க்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரிடம் கேள்வித்தாள் மூலம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 87 சதவீதக் குழந்தைகளுக்கு அசைவுச் சிரமம் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள் நேரடிப் பரிசோதனைக்கு ஈடாகாது என்பதால் அந்த எண்ணை நான் சற்றுத் தள்ளி வைத்தே பார்ப்பேன். அதே ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் 6 வயது வரையிலான ஆட்டிசக் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சுமார் 35 சதவீதத்தினரிடம் அசைவுச் சிரமம் இருந்தும், பரிசோதித்த மருத்துவர்கள் அதைக் குறிப்பிட்டது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம்தான் என்று தெரியவந்தது. உங்களுக்கு 29 வயது வரை யாரும் இதைச் சொல்லாமல் விட்டதற்கான விளக்கம் இதில் இருக்கிறது.

காரணம் என்ன என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. ஓர் அசைவைச் செய்ய மூளை மூன்று வேலைகளை ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்கிறது: என்ன செய்வது என்று திட்டமிடுகிறது, செய்தால் உடலுக்கும் கண்ணுக்கும் என்ன தெரியும் என்று முன்கூட்டியே கணிக்கிறது, உண்மையில் கிடைத்த தகவலோடு அந்தக் கணிப்பை ஒப்பிட்டு அசைவைத் திருத்துகிறது. கணிப்பிலும் திருத்தத்திலும் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆட்டிசம் உடையவர்களின் மூளை ஆய்வுகளில் வேறுபாடு திரும்பத் திரும்பக் காணப்பட்ட பகுதிகளுள் சிறுமூளையும் ஒன்று. புலன்களின் தகவல்களை எந்த விகிதத்தில் நம்புவது என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இயந்திரக் கைப்பிடி ஒன்றைப் பிடித்து நகர்த்தப் பழகிய ஆட்டிசக் குழந்தைகள், கண் தரும் தகவலைவிட மூட்டுகளும் தசைகளும் தரும் உடல் நிலை உணர்வையே அதிகம் சார்ந்து கற்றார்கள்.

இதைப் படித்ததும், உடல் உணர்வையே நம்புகிறவருக்கு அந்த உணர்வு கற்பனையில் மட்டும் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். கை உண்மையில் அசையும்போது மூட்டிலிருந்து வரும் தகவலைப் பயன்படுத்துவது ஒரு திறன். கை அசையாமல் இருக்கும்போது அந்தத் தகவலை மூளை தானாகவே உருவாக்கிக்கொள்வது இன்னொரு திறன். முதலாவது வலுவாக இருந்து இரண்டாவது மங்கலாக இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. உங்கள் பயிற்சியாளர் கேட்பது இரண்டாவதைத்தான்.

அசைவை மனத்தில் நிகழ்த்திப் பார்ப்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறார்கள். அப்போது மூளையில் இயங்கும் பகுதிகள் உண்மையான அசைவின்போது இயங்கும் பகுதிகளோடு பெருமளவு ஒத்துப்போகின்றன. ஓர் அறையைக் கடந்து நடப்பதாகக் கற்பனை செய்ய ஆகும் நேரமும் உண்மையில் நடக்க ஆகும் நேரமும் பெரும்பாலோருக்கு நெருங்கி வரும். இன்னொரு சோதனையில், பல கோணங்களில் திருப்பி வைத்த கையின் படங்களைக் காட்டி, அது வலக்கையா இடக்கையா என்று கேட்பார்கள். உண்மையில் கையைத் திருப்ப வலியோ சிரமமோ தரும் கோணத்தில் படம் இருந்தால், பெரும்பாலோர் பதில் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். தம்மை அறியாமலே தங்கள் சொந்தக் கையை மனத்தில் அந்த நிலைக்குத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இது சான்று. 2013-இல் அஸ்பெர்கர் வகை ஆட்டிசம் (பேச்சு வளர்ச்சி தாமதமாகாத வகை) உடையவர்களிடம் இந்தச் சோதனையை நடத்தியபோது அந்தத் தாமதம் காணப்படவில்லை. தங்கள் கையைத் திருப்பிப் பார்க்காமல், படத்தை ஒரு பொருளாகவே பார்த்து விடை கண்டார்கள் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் எல்லா ஆய்வுகளும் இப்படியே முடியவில்லை. பலவற்றில் பங்கேற்றோரின் எண்ணிக்கையும் சிறியது. எனவே 'ஆட்டிசம் உடையவர்களுக்கு அசைவுக் கற்பனை கிடையாது' என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். சிலருக்கு அது வேறு வழியில் நடக்கிறது என்பதுவரைதான் சொல்ல முடியும். நீங்கள் விவரிப்பதும் அந்த வேறு வழியைத்தான்: காட்சி இருக்கிறது, உடலுணர்வு இல்லை. ஆட்டிசம் இல்லாதவர்களிடமும் இந்தத் தெளிவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடும். மனத்தில் எந்தக் காட்சியும் எழாமலே இயல்பாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும், அந்த நிலைக்கு 2015-இல் அஃபான்டேசியா என்று பெயரிட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

ஆகவே, கற்பனை வந்த பிறகுதான் நீந்த வேண்டும் என்ற வரிசையைப் பயிற்சியாளர் தளர்த்த வேண்டும். மனத்தில் ஒத்திகை பார்ப்பது பயனுள்ள கருவிதான். ஆனால் அது கற்றலுக்கான நுழைவுத் தேர்வு ஆகிவிடக் கூடாது. உங்களுக்கு எளிதில் வருவது காட்சி என்பதால் அதிலிருந்தே தொடங்குங்கள். ஒரே ஒரு கைவீச்சை, நீங்கள் பார்க்கும் கோணத்திலிருந்தே, அதாவது தலைக்குப் பின்னாலிருந்து கை முன்னே போவது தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே தரையில் நின்று மெதுவாகக் கையை அசைத்துப் பாருங்கள். பிறகு வீடியோ ஓடும்போது கையை அசைக்காமல், அசைப்பதாக மட்டும் எண்ணிப் பாருங்கள். பார்ப்பதையும் கற்பனை செய்வதையும் இப்படி ஒன்றாக இணைக்கும் முறை, அசைவு ஒருங்கிணைப்பில் குறைபாடு உள்ள குழந்தைகளிடம் நம்பிக்கை தரும் விளைவுகளைக் காட்டியிருக்கிறது. வயது வந்த ஆட்டிசத்தினரிடம் அதற்கான சான்று இன்னும் குறைவு என்றாலும், முயன்று பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. அசைவைச் செய்து முடித்த உடனேயே, உணர்வு ஆறுவதற்குள், கண்ணை மூடி அதைத் திரும்ப அழைத்துப் பார்ப்பதையும் நான் பரிந்துரைப்பேன். அப்போதும் எதுவும் வரவில்லையென்றால் அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

சொற்களும் உதவும். கைவீச்சை மூன்று நான்கு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்து, அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்வது பலருக்குப் பலன் தருகிறது. ஒரு வகுப்பில் ஒரு திருத்தம் மட்டும் சொல்லும்படி பயிற்சியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு, கால், கை மூன்றையும் ஒரே மூச்சில் திருத்தினால் உங்களுக்கு எதுவும் நிற்காது. தொடுவது உங்களுக்குச் சம்மதமென்றால், அவர் உங்கள் கையைப் பிடித்துச் சரியான பாதையில் நகர்த்திக் காட்டலாம். உடல் நிலை உணர்வை நம்பிக் கற்பவருக்கு அது பேச்சைவிட விரைவில் புரியும். எதிரொலியும் கூச்சலும் நிறைந்த நேரத்தில் உங்கள் கவனத்தில் பாதி அதைத் தாங்கிக்கொள்வதிலேயே செலவாகிவிடும் என்பதால், கூட்டம் குறைந்த வேளையைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டிசம் உடையவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. உங்களுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ, சில நொடிகள் நினைவு தப்பியிருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரில் இறங்க வேண்டாம், தனியாக ஒருபோதும் வேண்டாம்.

அடுத்து, என் கருத்து எப்போது மாறும் என்பது. தடுமாற்றம் அண்மையில் தொடங்கியிருந்தால், மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால், உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பலவீனம் இருந்தால், மரத்துப்போதல், இரட்டைப் பார்வை, நடுக்கம், அடிக்கடி விழுதல் ஆகியவை சேர்ந்திருந்தால், நரம்பியல் மருத்துவரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். அப்போது ஸ்கேன் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். மனநலத்துக்காகவோ வலிப்புக்காகவோ எடுக்கும் சில மருந்துகள் நடுக்கத்தையும் விறைப்பையும் தரும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மிகச் சில உணவுகளை மட்டுமே உண்ணும் பழக்கம் இருந்தால், வைட்டமின் பி12 அளவைப் பார்ப்பது நல்லது. இன்னொன்றை மருத்துவர்களே தவறவிடுகிறார்கள்: பதின்ம வயதிலோ அதற்குப் பின்னோ, அசைவைத் தொடங்க முடியாமல் உறைந்து நிற்பது, எல்லாமே மிக மெதுவாகிவிடுவது, ஒரு செயலை முடிக்கப் பிறர் தூண்ட வேண்டியிருப்பது ஆகியவை புதிதாக வந்தால், அது கேடடோனியாவாக இருக்கலாம். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறப்பு மையம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட, 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஆட்டிசத்தினரில் 17 சதவீதத்தினரிடம் அது காணப்பட்டது. அதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை முறையான பரிசோதனை செய்துகொள்ளலாம். டிஸ்ப்ராக்ஸியா என்று பரவலாக அழைக்கப்படும் வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாட்டை ஆட்டிசத்தோடு சேர்த்து ஒருவருக்குக் கண்டறிவதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பழைய கையேடு அனுமதிக்கவில்லை; 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் அந்தத் தடையை நீக்கியது. அதனால் உங்கள் வயதினரில் பலருக்கு இரண்டாவது கண்டறிதல் நடக்கவே இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்லது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உங்கள் சமநிலை, கை வேலை, பந்து கையாளுதல் ஆகியவற்றை அளப்பதோடு, மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தளர்ந்த மூட்டுகள் ஆட்டிசம் உடையவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன, அவற்றுக்குத் தசை வலுவூட்டும் பயிற்சி தேவைப்படும். கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். புதிய அசைவைக் கற்கும் திறன் 29 வயதில் மூடிவிடுவதில்லை. உங்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் தடவை பயிற்சியும் தேவைப்படும், கற்றதைப் புதிய இடத்தில் செய்யும்போது கொஞ்சம் பின்வாங்கவும் கூடும். கதவு நிலையில் இடித்துக்கொள்வது முற்றிலும் நிற்கும் என்று நான் வாக்குறுதி தர மாட்டேன், குறிப்பாகக் களைப்பாக இருக்கும் நாட்களில். ஆட்டிசம் உடைய பெரியவர்களிடம் நடத்தப்பட்ட நேர்காணல்களில், மற்றவர்கள் யோசிக்காமல் செய்யும் அசைவுகளுக்குத் தாங்கள் ஓயாது கவனம் செலுத்த வேண்டியிருப்பதாகவும், அதனாலேயே சோர்ந்துபோவதாகவும் பலர் கூறியிருக்கிறார்கள். தெரபிஸ்ட்டைச் சந்திக்கும்போது இந்தச் சோர்வையும் சொல்லுங்கள். எந்த வேலை எந்த நேரத்தில் தடுமாறுகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்து, கைவீச்சு வீடியோவையும் கொண்டுபோனால், எதில் தொடங்குவது என்று முடிவெடுக்க அவருக்கு எளிதாக இருக்கும்.