பத்து மடங்கு விலை குடுத்தா ப்ரீஆம்ப் பத்து மடங்கு நல்லா பாடுமா?

கேள்வி: சார், என்கிட்ட ஒரு டாக் (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலா மாத்துற பெட்டி), ஒரு பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுற பெட்டி), ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கு. டாக்குக்கும் பவர் ஆம்புக்கும் நடுவுல வால்யூமை கூட்டிக் குறைக்க இருக்குறது ரொம்ப சல்லிசா வாங்குன ப்ரீஆம்ப். அதை தூக்கிப் போட்டுட்டு பத்து மடங்கு விலைல ஒண்ணு வாங்கு, சவுண்டே வேற லெவலுக்கு போயிடும்னு ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான். வாங்கலாமா? அடுத்து டர்ன்டேபிள் வாங்குற ஐடியாவும் இருக்கு.

பதில்: இப்போதைக்கு வேணாம். ஏன்னு கொஞ்சம் கணக்கு போட்டு பாப்போம். டாக்ல இருந்து ஃபுல்லா வர்றது சாதாரணமா 2 வோல்ட். வீட்டு பவர் ஆம்ப் நெறைய உள்ள வர்றதை 20 மடங்கு பெருக்கும், அப்ப அந்த 2 வோல்ட்டை அப்படியே விட்டா 40 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கர்ல அது 200 வாட், காது கிழிஞ்சிடும். நிம்மதியா உக்காந்து கேக்க 1 வாட்டே தாராளம், அதுக்கு ஆம்புக்குள்ள போக வேண்டியது வெறும் 0.14 வோல்ட். ஆக உங்க செட்டுல ப்ரீஆம்ப் பெருக்குறதே இல்ல, குறைச்சு குறைச்சு தான் அனுப்புது.

இந்த வேலைய சுத்தமா செய்ய இன்னிக்கு பெரிய செலவு கிடையாது. என்.ஈ. 5532னு ஒரு ஆப் ஆம்ப் சிப் (சிக்னலை பெருக்குற குட்டி சிப்) இருக்கு, 1970-களோட கடைசில வந்தது, ஸ்டுடியோ மிக்ஸர் போர்டுகள்ல வரிசையா இதைத்தான் அடுக்கி வச்சிருப்பாங்க, நீங்க உருகி உருகி கேக்குற பாட்டுல பலதும் இந்த மாதிரி சிப்புங்களை தாண்டித்தான் வந்திருக்கும். அதே சிப்பு உங்க சல்லிசு பெட்டிக்குள்ள இன்னும் ஒரு தடவை வந்தா என்ன கெட்டுடப் போகுது?

அப்ப காசு எங்க போகுது? பாதி அந்த தடி அலுமினிய முகப்புக்கு போகுதுன்னு சொன்னா அடிக்க வருவாங்க, ஆனா ரொம்ப தப்பும் இல்ல. உருப்படியா போற இடம்னா முதல்ல வால்யூம் கன்ட்ரோல். விலை கம்மியான கார்பன் பாட்ல (வால்யூம் குமிழுக்கு பின்னாடி இருக்குற, திருப்பினா மாறுற ரெசிஸ்டர்) இடது வலது ரெண்டும் ஒண்ணா ஏறாது, அதுவும் ரொம்ப கம்மியா வச்சு கேக்கும்போது ஒரு பக்கம் இழுத்துக்கும். ஹெட்ஃபோனோ ஸ்பீக்கரோ, ஒரே ஆள் பாடுற பழைய மோனோ பாட்டு ஒண்ணை போட்டு வால்யூமை மெதுவா இறக்கிப் பாருங்க, குரல் நடுவுலயே நின்னா உங்க பாட் நல்ல பாட். காஸ்ட்லி பெட்டில அந்த பாட் இருக்குற இடத்துல ரிலேவும் (மின்சாரத்துல இயங்குற குட்டி ஸ்விட்ச்) ரெசிஸ்டரும் வச்சு படிப்படியா மாத்துவாங்க, அங்க இந்த தொல்லை இல்ல. அப்புறம் ஆன் பண்ணும்போது ஸ்பீக்கர்ல "டப்"னு அடிக்காம இருக்குறது, ஹம் (கரண்டால வர்ற 'ம்ம்ம்'ங்குற இரைச்சல்) இல்லாம இருக்குறது, அஞ்சு வருஷம் கழிச்சும் சாக்கெட் ஆடாம இருக்குறது. இதெல்லாம் நிஜமான வித்தியாசம் தான். வால்வ் ப்ரீஆம்ப்ல (சிப்புக்கு பதிலா கண்ணாடி ட்யூப் வச்சது) சிலது வேணும்னே சவுண்டுக்கு கொஞ்சம் கலர் குடுக்கும், பிடிச்சிருந்தா வாங்குங்க, ஆனா அது ரசனை, தரம்னு நெனச்சு வாங்காதீங்க.

ஃப்ரெண்டு பொய் சொல்றார்னு சொல்லல. ரெண்டுல ஒண்ணு துளி சத்தமா இருந்தாலே அது தான் "நல்லா இருக்கு"னு தோணும், சத்தமா இருக்குன்னு கூட தெரியாது. அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு சோதிங்க. 60 ஹெர்ட்ஸ் டோன் ஃபைல் (ஒரே சுருதில வர்ற சத்தம்) ஒண்ணை கம்மி சத்தத்துல ஓட விட்டு, ஸ்பீக்கர் முனைல மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவுல வச்சு ரெண்டுக்கும் வோல்ட் ஒரே மாதிரி வர்ற வரைக்கும் வால்யூமை சரி பண்ணுங்க, 1 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. (சாதா மீட்டர்ல 1000 ஹெர்ட்ஸ் டோன் வச்சா ரீடிங் தப்பா காட்டலாம், அதான் 60.) அப்புறம் வேற ஒருத்தர் உங்களுக்கு தெரியாம மாத்தி மாத்தி போடணும். 16 தடவைல 12 சரியா சொன்னீங்கன்னா நிஜமாவே ஏதோ கேக்குது, சும்மா குத்துமதிப்புல அவ்ளோ வர 4 சதவீதம் வாய்ப்பு கூட இல்ல. அப்ப தாராளமா வாங்குங்க, நான் தடுக்கல.

டர்ன்டேபிள் கதை வேற, அங்க காசுக்கு அர்த்தம் இருக்கு. ரெக்கார்டு மேல ஓடுற ஊசி இருக்குற பாகம் தான் கார்ட்ரிட்ஜ்; அதுல எம்.எம். (காந்தம் ஆடுறது) வகை குடுக்குறது சுமார் 5 மில்லிவோல்ட், எம்.சி. (காயில் ஆடுறது) வகைல பல கார்ட்ரிட்ஜ் அரை மில்லிவோல்ட் கூட தராது. அதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கணும், கூடவே ஆர்.ஐ.ஏ.ஏ. (ரெக்கார்டுக்குன்னு வச்சிருக்குற பொது அளவுகோல்) கணக்குப்படி அடி பேஸை ஏத்தி உச்சி ட்ரெபிளை இறக்கணும், 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் நடுவுல பெருக்கம் கிட்டத்தட்ட 90 மடங்கு மாறும். கரண்டு ஹம் இருக்குறதே அந்த பேஸ் பக்கம் தான், அதுவும் சேர்ந்து ஏறிடும். எம்.எம்.னா நல்லா டிசைன் பண்ண பட்ஜெட் ஃபோனோ ஸ்டேஜ் (இந்த பெருக்குற வேலைக்குன்னே இருக்குற ப்ரீஆம்ப்) போதும், எம்.சி. போனா மட்டும் கையை தாராளமா விடுங்க.

கேள்வி: டாக்லயே வால்யூம் இருக்கு. ப்ரீஆம்பே இல்லாம நேரா பவர் ஆம்புக்கு குடுத்தா?

பதில்: சோர்ஸ் (பாட்டு வர்ற இடம்) ஒண்ணு தான்னா தாராளமா குடுக்கலாம், 24 பிட் டாக்ல வால்யூம் குறைச்சாலும் காதுக்கு தெரியுற மாதிரி எதுவும் போகாது. ஒரே பயம், ஏதாவது சாஃப்ட்வேர் கோளாறுல வால்யூம் ஃபுல்லுக்கு தாவிடுச்சுன்னா மேல சொன்ன 200 வாட்டும் நேரா ஸ்பீக்கர்ல இறங்கும். அதனால பவர் ஆம்பை கடைசியா ஆன் பண்ணுங்க, ஆஃப் பண்ணும்போது முதல்ல அதை.