சுரூபத்துக்கு இரண்டு வீச்சு, மக்களுக்கு மூன்று: வாசகர் கேள்வி – பதில்

*நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்து, கத்தோலிக்கக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். ‘விக்கிரகம் உண்டாக்க வேண்டாம்’ என்ற இரண்டாம் கட்டளை, இங்கே பிள்ளைகள் ஒப்பிக்கும் பத்துக் கட்டளைகளில் இல்லை. சுரூபம் (சிலை) வைப்பதற்காக அதை எடுத்துவிட்டார்களா?*
– வாசகி, நாசரேத்

எடுக்கவில்லை. எண்ணும் முறைதான் வேறு. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் கட்டளைகளுக்கு எண் போடப்படவில்லை. ‘பத்து’ என்ற கணக்கு 34:28-இலும் உபாகமத்திலும் வருகிறது. எங்கே பிரிப்பது என்பதை அவரவர் மரபு முடிவு செய்துகொண்டது. ‘வேறே தேவர்கள் வேண்டாம்’, ‘விக்கிரகம் வேண்டாம்’ இரண்டையும் உங்கள் சபை தனித்தனியாக எண்ணுகிறது. கடைசியில் வரும் இச்சையை ஒன்றாக்கிவிடுகிறது. கத்தோலிக்கர் புனித அகுஸ்தீனார் வழியில் முதல் இரண்டையும் சேர்த்து, இச்சையைப் பிறன் மனைவி, பிறர் பொருள் என இரண்டாக்குகிறார்கள். லூத்தரன் சபையும் முதல் இரண்டைச் சேர்த்து, இச்சையை இரண்டாக்குகிறது; இச்சையைப் பிரிக்கும் இடம் மட்டும் சற்று வேறு. லூத்தருடைய சிறிய ஞானோபதேசம் என்ற மறைக்கல்விப் புத்தகத்திலும் நீங்கள் தேடும் வரி தனிக் கட்டளையாக இல்லை. ஆகவே இதை உரோமையின் தந்திரம் என்பது நிற்காது.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் உண்டு. மனப்பாடத்துக்காகச் சுருக்கும்போது விழுந்துபோவது அந்த வரிதான். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2129-ஆம் எண்ணிலிருந்து இதைப் பேசுகிறது. ஞாயிறு வகுப்பில் சுருக்கத்தோடு நிறுத்தாமல், விடுதலைப் பயணம் (உங்கள் யாத்திராகமம்) 20:2–17-ஐ ஒருமுறை முழுதாக வாசிக்க வைத்தால் இந்தக் கேள்விக்கே இடமிராது.

*மோசே செய்த வெண்கலப் பாம்பை எசேக்கியா உடைத்தது, மக்கள் அதற்குத் தூபம் காட்டியதால்தான் (2 இராஜாக்கள் 18:4). கத்தோலிக்கர் மாதா சுரூபத்துக்குத் தூபம் காட்டுகிறார்களே, இதில் என்ன வித்தியாசம்?*
– வாசகர், பாளையங்கோட்டை

சுரூபத்தை மறுப்பவர்களிடம் இருக்கும் மிக வலுவான வசனம் இதுதான். பத்துக் கட்டளை வசனத்தைவிட வலுவானது என்பேன். ஏனென்றால் அந்தப் பாம்பு கடவுளே செய்யச் சொன்னது (எண்ணாகமம் 21:8). பொருளில் குற்றமில்லை, பின்னால் வந்தவர்கள் அதற்குச் செய்ததில்தான் குற்றம்.

இனி கத்தோலிக்க வழிபாட்டு விதியைப் பாருங்கள். உரோமைத் திருப்பலி (பூசை) நூலின் பொதுப் படிப்பினை, 277-ஆம் எண்: நற்கருணைக்கும் (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்), திருச்சிலுவையின் திருப்பண்டத்துக்கும் (புனித எச்சம்), ஆண்டவரின் சுரூபத்துக்கும் தூபக்கலசத்தை மூன்று முறை வீச வேண்டும். புனிதர்களின் சுரூபத்துக்கும் திருப்பண்டத்துக்கும் இரண்டே வீச்சு. அதுவும் திருப்பலியின் தொடக்கத்தில், பீடத்துக்குத் தூபம் காட்டிய பிறகு மட்டும். பல பங்குகளில் பீடச் சிறுவர்கள் எல்லாவற்றுக்கும் மூன்று வீசிவிடுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காததுதான் காரணம்.

அப்படியானால் மூன்று ஆராதனை, இரண்டு வணக்கம் என்று முடித்துவிடலாமா? முடியாது. அதே விதிப்படி குருவுக்கும் மூன்று, பெஞ்சில் நிற்கும் மக்களுக்கும் மூன்று! அந்தோணியாரைவிட உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வீச்சு கூடுதல். தூபம் இங்கே மரியாதைச் செயலே தவிர பலி அல்ல. எருசலேம் ஆலயத்திலோ தூபத்துக்கென்றே தனிப் பீடம் இருந்தது. அங்கே அது கடவுளுக்கு மட்டும் உரிய காணிக்கை.

கத்தோலிக்கர் கோடு கிழிப்பது பலியில். திருப்பலி கடவுளுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்கப்படும். புனிதரின் நினைவாக ஒப்புக்கொடுக்கலாம், புனிதருக்கு ஒப்புக்கொடுக்கக் கூடாது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து (டிரென்ட்) சங்கம் தன் 22-ஆம் அமர்வில் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆகவே திருவிழா நோட்டீசில் ‘அந்தோணியாருக்குத் திருப்பலி’ என்று அச்சடிப்பது பிழை. ‘அந்தோணியார் நினைவாக’ என்று திருத்துங்கள். சீர்திருத்த சபையார் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை. மனிதர் கையால் செய்த ஒன்றின் முன் குனிவதே வசனம் தடுப்பது என்பது அவர்கள் வாதம்.

*ஆராதனை கடவுளுக்கு, வணக்கம் சுரூபத்துக்கு என்ற இந்தப் பிரிவினையை முதலில் வகுத்தது யார்?*
– வாசகர், காரைக்கால்

787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம். அதற்கு முன்பு பைசாந்தியப் பேரரசில் பெரிய சண்டை நடந்திருந்தது. பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 754-இல் ஹியரியாவில் 338 ஆயர்களைக் கூட்டித் திருவோவியங்களைத் தடை செய்தார். அந்த ஆயர்களை வெறும் அரச அடிமைகள் என்று ஒதுக்குவது சரியல்ல; அவர்கள் வாதம் கூர்மையானது. கிறிஸ்துவை வரைகிறவன் அவருடைய மனித இயல்பை மட்டும் வரைந்தால், அவரை இரண்டாகப் பிளக்கிறான். இறை இயல்பையும் வரைந்தேன் என்றால், வரைய முடியாததை வரைந்ததாகப் பொய் சொல்கிறான். கிறிஸ்துவின் உண்மையான உருவம் நற்கருணை ஒன்றே என்றார்கள்.

பதில் வந்தது பேரரசருக்கு எட்டாத இடத்திலிருந்து. முஸ்லிம் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தின் மார் சாபா மடத்துத் துறவி தமாஸ்கு யோவான், ஹியரியாவுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்: கண்ணுக்குத் தெரியாத கடவுளை வரையக் கூடாது என்பது சரி, ஆனால் அவர் உடல் எடுத்துக் கண்ணுக்குத் தெரிந்தபின் வரைய மறுப்பது அவர் மனிதரானதை மறுப்பதாகும். பேரரசி ஐரீன் காலத்தில் கூடிய நிசேயா சங்கம் இந்தப் பக்கம் சாய்ந்தது. முத்தமிடலாம், வணங்கலாம், விளக்கும் தூபமும் வைக்கலாம். அந்த மரியாதை படத்தைத் தாண்டி அதில் உள்ளவரைச் சேரும். ஆராதனை கடவுளுக்கு மட்டும். 815-இல் தடை திரும்பி வந்து, 843-இல் பேரரசி தியோடோராவின் காலத்தில் முடிந்தது. ஆர்த்தடாக்ஸ் சபையினர் தவக்காலத்தின் முதல் ஞாயிறு இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

*சுரூபத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். தவறா?*
– வாசகி, திருச்சி

தவறில்லை. 1969-இல் உரோமை இந்தியாவுக்கு அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களில், முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் ஒன்று. முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழக் குனியலாம் என்பதும் அப்போது வந்தது. இதில்தான் ஒரு சிக்கல். பொது விதிப்படி ஒரு முழங்காலை மடக்கிப் பணிவது நற்கருணைக்கும், பெரிய வெள்ளி ஆராதனையிலிருந்து பாஸ்கா திருவிழிப்பின் தொடக்கம் வரை திருச்சிலுவைக்கும் மட்டும். எல்லா இடத்திலும் குனிவதே பழக்கமானால், நற்கருணைப் பேழைக்கும் ஓரத்துச் சுரூபத்துக்கும் செய்வது பார்ப்பவருக்கு ஒன்றாகிவிடும். முட்டி ஒத்துழைத்தால் பேழைக்கு முழங்காலிடுங்கள், சுரூபத்துக்குத் தலை வணங்குங்கள். பேழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது நம் ஊரில் அன்றாடக் காட்சி, அதைத் தவிருங்கள்.

பெரிய வெள்ளியன்று வரிசை நீள்கிறதே என்று நான்கு சிலுவைகளை வைப்பதும் விதிக்குப் புறம்பு. ஒரே சிலுவைதான். கூட்டம் அதிகமென்றால், சிலர் வந்து முத்தி செய்தபின் குரு பீடத்தின் முன் நடுவில் நின்று சிலுவையை உயர்த்திப் பிடிக்க, மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்தே மௌனமாக ஆராதிக்கலாம்.

*எங்கள் லூத்தரன் ஆலயப் பீடத்தில் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) இருக்கிறது. நாங்களும் புராட்டஸ்டண்டுகள்தானே?*
– வாசகர், தஞ்சாவூர்

சந்தேகமே வேண்டாம். 1522-இல் விட்டன்பர்கில் படங்களை அகற்றும் கிளர்ச்சி எழுந்தபோது, மறைவிடத்திலிருந்து திரும்பி வந்து அதை அடக்கியவரே லூத்தர்தான். படத்தை நம்புவது தப்பு, வைத்திருப்பது தப்பல்ல என்பது அவர் நிலை. இன்னொரு சீர்திருத்தவாதியான சுவிங்லியின் சூரிச்சு நகரம் 1524-இல் எல்லாவற்றையும் அகற்றிச் சுவருக்கு வெள்ளையடித்தது. கால்வின் வழிச் சபைகள் இந்த இரண்டாவது பாதையில் சென்றன; டச்சுக்காரர்களின் சபையும் அதில் ஒன்று. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தார்கள். மாந்தைக் கத்தோலிக்கர் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது அதனால்தான். மடு மாதா திருத்தலம் அங்கே உருவானது.

*எங்கள் ஊர் மாதா சுரூபத்துக்குச் சக்தி அதிகம் என்கிறார்கள்.*
– வாசகர், திண்டுக்கல்

திரிதெந்து சங்கம் 1563 டிசம்பரில் விதித்தது இதற்கு நேர் எதிர். சுரூபத்துக்குள் தெய்வத்தன்மையோ ஆற்றலோ இருப்பதாக நம்பக் கூடாது, அதனிடம் எதையும் கேட்கக் கூடாது, நம்பிக்கையை அதன்மேல் வைக்கக் கூடாது. அதை வைத்துப் பணம் பண்ணுவதையும் சேர்த்தே கண்டித்தது.

*வீட்டுச் சுரூபத்தின் கை உடைந்துவிட்டது. ஆற்றில் விடலாமா?*
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எளிதில் கரையாது. பெயிண்டோடு ஆற்றின் அடியில் கிடக்கும். கை மட்டும் என்றால் ஒட்டிவிடலாம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பி வெடிக்கச் செய்திருக்கும். துருவைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி பசையால் ஒட்டுங்கள். இடைவெளியைப் புதுக் கலவையால் நிரப்புமுன் பழைய முனையை நனையுங்கள். காய்ந்த பிளாஸ்டர் புதுக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பிடிக்காமல் உதிரும். நன்றாகக் காயும் முன் எனாமல் அடித்தால் கொப்பளிக்கும்.

உருத் தெரியாமல் நொறுங்கியிருந்தால் வீட்டு மண்ணில் புதைக்கலாம், அல்லது பங்குக் கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையைக் கேட்டுப் பெறலாம். ஆலயத்தில் உள்ள பழமையான, விலைமதிப்புள்ள சுரூபம் என்றால் பங்குப்பேரவை தீர்மானம் போட்டுப் பெயிண்டரைக் கூப்பிடக் கூடாது. திருச்சபைச் சட்டம் 1189-இன்படி ஆயரின் எழுத்துவழி அனுமதி வேண்டும், அவரும் வல்லுநரைக் கலந்த பிறகே தர வேண்டும்.