புகை ஏன் திரும்பி வருகிறது? விறகடுப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில்

நான் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம். கொத்து வேலையில் 22 வருடம். வீடு, மதில் எல்லாம் கட்டுவேன் என்றாலும், யாராவது அடுப்பு கட்டக் கூப்பிட்டால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுப் போவேன். எங்கள் அம்மா ஒரு கையில் ஊதுகுழலும் ஒரு கையில் களிக்கோலுமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கஷ்டம் இனி யாருக்கும் வேண்டாம். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு அக்கா: போன மாதம்தான் பின்கட்டில் அடுப்பும், அதன் பின்னால் அதே தீயில் சூடாகும் கொடி அடுப்பும் கட்டி, புகைபோக்கியும் வைத்தோம் தம்பி. பற்றவைத்தால் புகை குழாயில் ஏறாமல் அடுப்பு வாய் வழியாகவே வருகிறது. இடித்துவிட்டு வேறு கட்டணுமா?

இடித்துவிடாதீர்கள் அக்கா. முக்கால்வாசி இடங்களில் கோளாறு அடுப்பில் இருக்காது, காற்றுப் போகும் வழியில்தான் இருக்கும். சூடான புகை லேசாக இருப்பதால் மேலே ஏறுகிறது. அது ஏறினால்தான் அடுப்பு வாய் வழியாகப் புதுக் காற்று உள்ளே இழுபடும். காலையில் குழாய் சில்லென்று இருக்கும். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்து வழியை மறிக்கும். அதனால் முதலில் விறகை வைக்காதீர்கள். காய்ந்த தென்னை ஓலை ஒரு கைப்பிடி எடுத்து, கொடி அடுப்புக் குழிக்குள், குழாய் தொடங்கும் இடத்தில் கொளுத்திப் போட்டுக் குழியைத் தட்டால் மூடுங்கள். ஓலை எரிந்து அடங்கியதும் ஒரு ஊதுவத்தியை அடுப்பு வாயருகே பிடித்துப் பாருங்கள். வத்திப் புகை உள்பக்கம் வளைந்து போனால் குழாய் இழுக்கிறது, இனி விறகை வைக்கலாம்.

அப்படியும் வளையவில்லை என்றால் மாடிக்குப் போய்ப் பாருங்கள். குழாய் தளத்தை விட்டு 3 அடியாவது மேலே நிற்க வேண்டும். 10 அடிக்குள் தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து வீட்டுச் சுவரோ இருந்தால் அதைவிடவும் 2 அடி உயரம் வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் மோதும் காற்று புகையைக் கீழே அமுக்கும். நடுவில் முழங்கை வளைவு வைத்திருந்தால் அதுவும் இழுப்பைக் கெடுக்கும். இன்னொன்று, பின்னால் இருக்கும் கொடி அடுப்பைப் பாத்திரம் இல்லாமல் திறந்து விடுகிறீர்களா? குழாய் அந்த ஓட்டை வழியாகச் சும்மா அறைக் காற்றை இழுத்துக்கொண்டு, முன்னடுப்பை விட்டுவிடும்.

அதே அக்கா மறுநாள்: குழியை மூடினேன், புகை நின்றுவிட்டது! ஆனால் விறகு நிறையப் பிடிக்கிறதே?

தீ நாக்கு குழாய் வரைக்கும் ஓடுகிறதா என்று கொடி அடுப்புக் குழி வழியாகப் பாருங்கள். ஓடினால் நீங்கள் குழாயைச் சூடாக்கிக்கொண்டு இருக்கிறீர்கள். குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு தகடு செருகி, தீ நன்றாகப் பிடித்த பிறகு பாதி மூடுங்கள். முழுசாக மூட வேண்டாம்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: மழைநீருக்கு வாங்கின பிவிசி குழாய் மிச்சம் இருக்கிறது. புகைபோக்கிக்குப் போடலாமா அண்ணா?

கூடவே கூடாது. 80 டிகிரி சூட்டிலேயே அது தளர்ந்துவிடும், கருகினால் விஷப் புகை. அடுப்பிலிருந்து முதல் 3 அடிக்குச் செங்கல் அல்லது மண் குழாய், அதற்கு மேல் 4 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக் குழாய், உச்சியில் மழைக்கு ஒரு கூம்புத் தொப்பி. கூரை வீடு என்றால் குழாயைச் சுற்றி ஓலை படாமல் நல்ல இடைவெளி விட்டுத் தகடு அடித்தாக வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து ஒருவர்: மண் அடுப்பு விரிசல் விடுகிறது. சிமெண்டு பூசினால் நிற்குமா?

தொழில் கற்ற புதிதில் நானும் அப்படி ஒரு வீட்டில் தீ படும் இடத்தில் சிமெண்டு பூசினேன். பார்க்க வழவழவென்று அழகாக இருந்தது. ஒரு விசேஷத்துக்குப் பெரிய தவலை ஏற்றி நாள் முழுக்க எரித்தார்கள், சாயந்திரம் பூச்சு பொரிப்பொரியாகக் கழன்று விழுந்தது. 400, 500 டிகிரி சூட்டில் சிமெண்டுக்குள் இருக்கும் நீர் பிரிந்து பிடிப்புப் போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டுக்குத் திரும்பப் போய், காசு வாங்காமல் மண்ணில் கட்டிக் கொடுத்தேன்.

புற்று மண், கொஞ்சம் மணல், உமி, சாணம் சேர்த்து மிதித்து, ஒரு ராத்திரி புளிக்கவிட்டுக் கட்டுங்கள். களிமண் அதிகமானால்தான் விரிசல். கட்டினதும் தீ மூட்டாமல் 2 வாரம் நிழலில் ஆறட்டும். பிறகு சுள்ளி போட்டு லேசாக எரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைப் பழக்குங்கள். மயிரிழை விரிசல் வந்தால் பயம் இல்லை, சாணி கரைத்து மெழுகினால் போதும்.

அப்புறம் கட்டும்போதே உங்கள் வீட்டுக் களிப் பானையை வைத்து, அடுப்பு மேல் பானையைத் தாங்கும் குமிழை அளந்துவிடுங்கள். களி கிண்டும்போது பானை ஆடினால் கொதிக்கிற களி மேலே தெறிக்கும். அந்தத் தீப்புண் சீக்கிரம் ஆறாது.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) விறகு வெட்டின வாரமே எரிக்கிறேன். சுர்ரென்று நுரை தள்ளுகிறது.

அந்த நுரை தண்ணீர்தான் அம்மா. பச்சை மரத்தின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கப் போகும் சூட்டில், பாத்திரத்துத் தண்ணீர் 7 லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். அவ்வளவும் வீணாகிறது, எரியாமல் போவது புகையாக உங்கள் கண்ணுக்கு வருகிறது. வேலிக்காத்தான் நல்ல விறகு, கனல் நின்று எரியும். மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டை மேல் அடுக்கி வையுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலை வீணாக்காமல் காய வைத்தால், ஐப்பசி மழைக்குக் கவலை இல்லை. இரண்டு துண்டைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் இன்னும் காயவில்லை.

பேரணாம்பட்டிலிருந்து ஒருவர்: முன்பு அரசாங்கத்தில் கட்டிக் கொடுத்த புகையில்லா அடுப்பு எங்கள் தெருவில் ஒன்றுகூட இப்போது இல்லை. அது நல்லதில்லையா?

1983-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. அடுப்பு நல்ல அடுப்புதான். ஆனால் குழாயில் கரி அடையும், மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும் என்று பல வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடைத்ததும் புகை திரும்பியது, இடித்துவிட்டார்கள். சாக்குத் துணிக்குள் ஒரு கல்லை வைத்துக் கட்டி, மாடியிலிருந்து கயிற்றில் இறக்கி நாலு தடவை ஏற்றி இறக்கினால் போதும். கால் மணி நேர வேலை.

வேலூரிலிருந்து ஒரு தங்கை: பிரசவித்த அறை. மார்கழிக் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தலாம் என்கிறார் மாமியார். சரியா அண்ணா?

வேண்டாம்மா, தயவுசெய்து வேண்டாம். கரிக் கனலில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம், தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குழந்தைக்கு இன்னும் ஆபத்து. சாம்பிராணிக் கனலையும் காட்டிவிட்டு உடனே வெளியே எடுத்துவிடுங்கள். குளிருக்குக் கம்பளி போதும். மாமியாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள், பேரப்பிள்ளை மேல் இருக்கும் பாசத்தில்தான் சொல்கிறார். யாருக்காவது மயக்கம் வந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒடுகத்தூரிலிருந்து ஒருவர்: சாம்பலை எப்போது அள்ளலாம்?

ராத்திரி அள்ளாதீர்கள். மேலே வெள்ளையாக ஆறின மாதிரி தெரிந்தாலும் அடியில் கங்கு மறுநாள் வரைக்கும் இருக்கும். பிளாஸ்டிக் வாளி, குப்பைக்கூடை, வைக்கோல் பக்கம் எல்லாம் வேண்டாம். காலையில் பழைய மண் சட்டியில் அள்ளி மூடி, வாசலுக்கு வெளியே வையுங்கள். அடுத்த நாள் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்திரிச் செடிக்குத் தூவுங்கள்.