பாலக்கோடு பக்கம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தை வளர்க்கிறேன். கலப்பில்லாமல் இனத்தைக் காப்பது எப்படி?

முதல் வேலை சேவலைக் கவனிப்பது. சந்தையில் ‘நாட்டுக்கோழி’ என்று விற்கும் குஞ்சுகளில் கிரிராஜா போன்ற பண்ணை ரகங்களின் கலப்பு நிறைய. அப்படி ஒரு சேவல் உள்ளே வந்தால் 2 தலைமுறையில் இனம் கரைந்துவிடும். எடை கூடும், சரி. ஆனால் அடை உட்காரும் குணம் குறையும். என்னைக் கேட்டால் அந்தக் குணம்தான் சிறுவிடையின் சொத்து. அடைக்கோழியின் கூடையில் கை வைத்துப் பாருங்கள்: இறகைச் சிலிர்த்து, ‘கர்ர்’ என்று கொத்த வரும். அதற்கு 10, 12 முட்டை வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத, அதாவது கரு வளராத முட்டையை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு. இன்குபேட்டர் தேவையே இல்லை.

8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆனால் அதன் குஞ்சுகளோடே அதைச் சேரவிடாதீர்கள். வருடம் ஒருமுறை, கலப்பில்லாமல் வளர்ப்பவர் யாராவது பக்கத்து ஊரில் இருந்தால் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெள்ளைக்கழிச்சல் நோய். ஒரே வாரத்தில் கொட்டகையே காலியாகும். குஞ்சுக்கு 7ஆம் நாள் சொட்டு மருந்து, 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கேயும் போய்க் கேட்கலாம்.