ஏழு இருக்கை வண்டிக்குக் காத்திருப்பதா, லீஸுக்கு எடுப்பதா?

கேள்வி: நான் காட்பாடியில் வசிக்கிறேன், இராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பா, அம்மா, மனைவி, ஐந்து வயது மகள், நான் என வீட்டில் ஐந்து பேர். இன்னும் மூன்று மாதத்தில் இரண்டாவது குழந்தை பிறக்கவிருக்கிறது. இப்போதுள்ள சிறிய கார் போதாது என்பதால் மாருதியின் ஏழு இருக்கை வண்டியான எர்டிகா வாங்கப் போனோம். நாங்கள் கேட்கும் சி.என்.ஜி. வகைக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இதற்கிடையே ஒரு லீஸ் முகவர், முன்பணம் இல்லாமல் 48 மாதத்துக்கு மாதம் 21,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி, மாதம் 1,000 கிலோமீட்டர் வரை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்றும், மூன்று வாரத்தில் வண்டி தருவதாகவும் சொல்கிறார். வேலைக்குப் போய்வர மட்டும் தினமும் 50 கிலோமீட்டர் ஆகிறது. எடுக்கலாமா?

பதில்: இந்த நிபந்தனைகளோடு எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நம் பக்கத்தில் லீஸ் என்றதும் வீட்டு லீஸ்தான் நினைவுக்கு வரும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையை அப்படியே திரும்பப் பெறுவோம். கார் லீஸ் அப்படிப்பட்டதல்ல. மாதந்தோறும் செலுத்தும் பணத்தில் ஒரு ரூபாயும் திரும்பாது, தவணை முடிந்தபின் வண்டியும் உங்களுடையதாகாது.

முதலில் வரியைப் பாருங்கள். ஓட்டுநரின்றி வண்டியை வாடகைக்கு விடும்போது, அதே வண்டியை விற்றால் என்ன ஜி.எஸ்.டி. விகிதமோ அதுவே வாடகைக்கும் பொருந்தும். எர்டிகா 4 மீட்டரைத் தாண்டிய நீளமும் 1,462 சி.சி. எஞ்சினும் கொண்டது என்பதால், 2025 செப்டம்பர் 22 முதல் அமலில் உள்ள மாற்றத்தின்படி 40 சதவீதப் பிரிவில் வருகிறது. ஆகவே 21,000 ரூபாய் என்று முகவர் சொன்னது உங்கள் கணக்கிலிருந்து 29,400 ரூபாயாகக் கழியும்.

அடுத்தது கிலோமீட்டர். மாதம் 25 நாள் வேலை என்றால் அதற்கே 1,250 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. சென்னைக்கு ஒருமுறை போய்வந்தால் ஏறக்குறைய 280, உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்தால் 1,600-ஐத் தொடும். கூடுதலாகும் 600 கிலோமீட்டருக்கு 6,000 ரூபாயும் அதன்மேல் வரி 2,400 ரூபாயும் சேர, மாதச் செலவு 37,800 ரூபாய் ஆகிறது. நான்கு ஆண்டுகளில் இது 18 லட்சத்தைத் தாண்டும். மாறாக, வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலை 14 லட்ச ரூபாயில் 3 லட்சத்தைக் கையிலிருந்து கட்டி, மீதி 11 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் வாங்கினால் இ.எம்.ஐ. ஏறக்குறைய 22,800 ரூபாய்தான். லீஸ் தொகைக்குள் காப்பீடும் சர்வீஸும் அடங்கியிருந்தாலும் இந்த இடைவெளியை அவை நிரப்பிவிடாது. கடன் முடியும் நாளில் வண்டி உங்கள் பெயரில் நிற்கும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். புதிய வண்டி கிடைக்காதபோது பழைய வண்டியின் விலை இறங்குவதில்லை. 2021, 2022 ஆம் ஆண்டுகளின் சிப் தட்டுப்பாட்டின்போது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். வண்டி உங்களுடையதானால் அந்த மறுவிற்பனை ஆதாயம் உங்களுக்கு. லீஸ் என்றால் நிறுவனத்துக்கு. மேலும், லீஸ் நிறுவனமும் வண்டியை அதே உற்பத்தியாளரிடம்தான் வாங்குகிறது. மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னால், அது ஏற்கெனவே கையிருப்பில் உள்ள வண்டியா, எந்த வேரியண்ட், தயாரிப்பு மாதம் எது, முன்பு வேறொருவர் ஓட்டியதா என்பதை எழுத்தில் கேளுங்கள். நம்பர் பிளேட்டையும் விசாரியுங்கள். கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் அது வாடகை வண்டியாகப் பதிவானது. உங்கள் வீட்டிலிருந்து சித்தூர் சாலையில் சிறிது தூரத்திலேயே ஆந்திர எல்லை வந்துவிடுவதால், திருப்பதிக்குப் போக அதன் பெர்மிட் செல்லுமா என்பது உங்களுக்கு வெறும் சந்தேகக் கேள்வி அல்ல. பாதியில் திருப்பிக் கொடுத்தால் எத்தனை மாத வாடகை அபராதம், ஒப்படைக்கும்போது கீறலுக்கும் நசுங்கலுக்கும் யார் மதிப்பிடுவார் என்பவை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.

ஒரே ஒரு சூழலில் என் பதில் மாறும். உங்கள் தொழிற்சாலையே ஊழியர்களுக்குக் கார் லீஸ் வசதி அளித்து, வாடகையைச் சம்பளத்தில் வருமான வரிக்கு முன்பே கழிக்குமானால், 30 சதவீத வரி கட்டுபவருக்கு அது கணிசமான சலுகை. மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். நீங்களாகத் தனியே எடுக்கும் லீஸுக்குச் சம்பளக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி வண்டியைப் பற்றி. நீங்கள் சி.என்.ஜி. கேட்பது தினசரி ஓட்டத்துக்காக என்று புரிகிறது; ஆனால் சிலிண்டர் பின்புறச் சாமான் இடத்தில்தான் அமர்கிறது. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் இருப்பதே 209 லிட்டர் இடம். கைக்குழந்தையோடு ஆறு பேர் கிளம்பும் நாளில் பைகளை எங்கே வைப்பீர்கள்? இப்போதைய சிறிய காரை விற்காமல் வேலைக்கு அதையே ஓட்டினால், பெரிய வண்டி குடும்பப் பயணத்துக்கு மட்டும் ஓடும். அப்போது பெட்ரோல் வகையே போதும். அதற்கு எத்தனை வாரம் என்று தனியாகக் கேளுங்கள். 2023 ஆகஸ்டில் டொயோட்டா கொண்டுவந்த ரூமியன், எர்டிகாவே வேறு பெயரில் வருவதுதான். அந்த ஷோரூமிலும் விசாரியுங்கள். பார்க்கப் போகும்போது அம்மாவையும் குழந்தை இருக்கையையும் கூட அழைத்துச் செல்லுங்கள். இரண்டாம் வரிசையில் குழந்தை இருக்கையைப் பொருத்திவிட்டால் அந்தப் பக்க இருக்கையை நகர்த்தி மூன்றாம் வரிசைக்குப் போக முடியாது. மறுபக்கமாக ஏறி அமர அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கிறதா என்பதை அங்கேயே சோதித்துவிடுங்கள்.

வேரியண்ட்டைத் தேர்ந்தெடுக்கையில் பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் தமிழ்நாட்டின் ஆயுள் வரியையும் கணக்கிடுங்கள். விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்ச ரூபாய் வண்டிக்கும் 10.1 லட்ச ரூபாய் வண்டிக்கும் வரியில் மட்டுமே 50,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது.

முன்பதிவு செய்யும்போது, ரத்து செய்தால் பணம் முழுதாகத் திரும்புமா, எத்தனை நாளில் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். விலை ஏறினால் டெலிவரி நாளின் விலையே செல்லும் என்ற வரி படிவத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தட்டுப்பாட்டைக் காட்டி, காப்பீட்டைத் தங்களிடமே எடுக்க வேண்டும், கூடுதல் பொருத்துதல்களை வாங்கினால்தான் வண்டி சீக்கிரம் வரும் என்று வற்புறுத்துவதை நீங்கள் ஏற்கத் தேவையில்லை. காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. அப்படி வற்புறுத்தினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும், நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை.

வண்டி வரும்வரை, ஆறு பேரும் சேர்ந்து போக வேண்டிய நாட்களுக்கு மட்டும் ஓட்டுநரோடு பெரிய வண்டியை வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு முறை எடுத்தாலும் அந்தச் செலவு, நீங்கள் குறிப்பிட்ட லீஸின் மாத வாடகையை எட்டாது.